அடுத்த பெஞ்சுக்காரன் செய்த பாவம்

"பக்கத்துப் பையன் காப்பியடித்தால் என் பிள்ளையின் பரீட்சையை ரத்து செய்வதா?" எந்தத் தாயாரும் கேட்கக்கூடிய கேள்விதான். சுப்ரீம் கோர்ட் இதற்கு இரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது.

1954-இல் உத்தரப் பிரதேசத்தில் இண்டர்மீடியட் தேறிய மூன்று மாணவர்களின் முடிவு, முறைகேடு செய்தார்கள் என்று பின்னால் ரத்தாயிற்று. அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று 1962-இல் தீர்ப்பாயிற்று. மாணவர்கள் ஜயித்தார்கள்.

1969-இல் பீகாரில், ஹன்ஸ்வாடி என்ற சென்டரில் எழுதியவர்கள் அத்தனை பேருடைய பரீட்சையும் ரத்தாயிற்று. 36 பேர் வழக்காடினார்கள். பாட்னா ஹைகோர்ட்டில் அவர்களுக்கே வெற்றி. ஆனால் 1970-இல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா அதை மாற்றினார். தனி ஒருவன்மீது குற்றம் சாட்டினால் அவனை விசாரிக்கத்தான் வேண்டும். பரீட்சையே கெட்டுப்போனால் ஒவ்வொருவரையும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை என்றார்.

பால் திரிந்துவிட்டால், எந்தச் சொட்டு நல்லது என்று பிரித்தெடுக்க முடியுமா?

ஆனால் திரிந்தது ஒரு தம்ளரா, அண்டா முழுவதுமா என்று பார்க்க வேண்டாமா? 2024-இல் நீட் வழக்கில் அதைத்தான் பார்த்தார்கள். ஹஸாரிபாக்கிலும் பாட்னாவிலும் வினாத்தாள் கசிந்தது உண்மையே. பரீட்சை முழுவதும் கெட்டதற்கு ஆதாரமில்லை என்று, 23 லட்சம் பேருக்கு மறுபரீட்சை வைக்க மறுத்துவிட்டது கோர்ட்.

நியாயம்தான். ஆனாலும் ரத்தான இடத்தில், மறுபடி இரவெல்லாம் கண்விழித்துப் படிக்க வேண்டியவர்களில் யோக்கியமாக எழுதிய பிள்ளையும் ஒருவன் அல்லவா?