கட்டையைத் தாண்டும் கலப்பை

தென் ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில், கடலோரமாக ஆர்ட்ரோசன் என்றொரு சிற்றூர். அவ்வூர் அருங்காட்சியகம் பழைய கலப்பைத் தொழிற்சாலையின் எஞ்சிய கட்டடத்திலேயே இருக்கிறது. ஒரு கருவியை அது தயாரிக்கப்பட்ட கூரையின் கீழேயே பார்ப்பது அரிய வாய்ப்பு.

கலப்பைக்கு முன் மரத்தைச் சொல்ல வேண்டும். மாலி, தைலமர இனம். ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் கிளம்பும். மண்ணுக்குள் பருத்த வேர்க்கட்டை; உணவும் மொட்டுகளும் அதற்குள் பத்திரமாக இருக்கும். வெட்டினாலும் எரித்தாலும் மறுபடி துளிர்க்கும். குடியேறிய விவசாயிகள் கனத்த உருளைகளை இழுத்துப் புதரைச் சாய்த்துத் தீ வைத்தார்கள். கட்டைகள் மட்டும் போகவில்லை. ஏர் அவற்றில் மோதினால் கொழு முறியும், அல்லது குதிரையின் வார் அறும்.

கட்டையைப் பிடுங்கும் இயந்திரத்துக்கு 200 பவுன் பரிசு என்று 1878இல் அரசு அறிவித்தது. எல்லோரும் கட்டையை எப்படி எடுப்பது என்றே யோசித்தார்கள். ரிச்சர்ட் பௌயர் ஸ்மித்தோ 1876இலேயே கட்டையை இருந்த இடத்தில் விட்டுவிட்டு, கலப்பையை மாற்றியிருந்தார். அதுதான் அவருடைய மேதைமை.

சாதாரணக் கலப்பையில் கொழு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். ஸ்மித்தின் கலப்பையில் ஒவ்வொரு கொழுவுக்கும் தனிக்கை. அந்தக் கை கீலில் ஆடும். கட்டையில் முட்டியதும் கொழு பின்வாங்கி மேலெழுந்து, அதன்மேல் ஏறிக் கடக்கும். கையோடு இணைந்த எடை உடனே அதை மண்ணுக்குள் இறக்கிவிடும். பக்கத்துக் கொழுக்கள் தம் பாட்டுக்கு உழுதுகொண்டிருக்கும். குதிரை நிற்க வேண்டியதே இல்லை. பார்க்கப் போகிறவர்கள் கொழுவின் முனையை விட அந்தக் கீலைக் கவனிக்க வேண்டும்.

ரிச்சர்ட் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார். தம்பி கிளாரன்ஸ் வடிவத்தைச் செம்மைப்படுத்தி, 1880இல் ஆர்ட்ரோசனில் தொழிற்சாலை தொடங்கினார். 1882இல் அரசு ரிச்சர்டுக்கு 500 பவுன் வழங்கியது. உழும்போது மேலே வந்த கட்டைகளும் வீணாகவில்லை. நின்றெரியும் விறகு என்று நல்ல பெயர் பெற்று விலைபோயின.

இத்தனைக்கும் ஒரு விலை உண்டு. அந்தத் தீபகற்பம் நருங்கா மக்களின் பூர்வீக நிலம். கலப்பை வந்தபின் மாலிக் காடுகள் வேகமாக வயல்களாயின. வேர்ப்பிடிப்பு இழந்த மண் காற்றில் கிளம்பியது. 1930களிலும் 1940களிலும் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் மாலி வட்டாரங்களைப் புழுதிப் புயல்கள் வாட்டின.