பதினைந்து வருடச் சினை

கடலும் சந்தையும் – 9

தெல்லிப்பழைச் சந்தையில் மீன் வாங்கும் பெண்கள், பாரையோ விளைமீனோ கையில் எடுத்ததும் அதன் வயிற்றைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார்கள். உள்ளே தடிப்பாகத் தட்டுப்பட்டால் சினை இருக்கிறது. அந்த மீன் உடனே கூடைக்குள் போய்விடும். மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரித்தால் வீட்டில் பிள்ளைகளுக்குத்தான் முதல் பங்கு. நமக்கு மீனுக்குத்தான் விலை, சினை அதனோடு வருவது. ஆனால் சினைக்காகவே மீன் பிடிக்கும் வியாபாரம் ஒன்று உலகில் உண்டு. அதுதான் கேவியர்.

கேவியரைத் தருவது ஸ்டர்ஜன் என்ற மீன். வட அரைக்கோளத்து ஆறுகள், ஏரிகள், கடல்களில் மட்டுமே வாழ்வது. நமது கடலில் கிடையாது. உடலின் நீளத்துக்கு ஐந்து வரிசை எலும்புத் தகடுகள் ஓடும். டைனோசர் காலத்திலிருந்து வரும் குலம். இதில் பல இனங்கள் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏறுகின்றன.

பெயர்பெற்ற கேவியர் வகைகள் மூன்றும் காஸ்பியன் கடலுக்குரியவை. பெலுகாவின் முட்டை மூன்றிலும் பெரியது. வெளிர் சாம்பலிலிருந்து கருமை வரை நிறம் கொண்டது. ஆயிரம் கிலோவைத் தாண்டி வளரக்கூடிய இந்த மீன் முதல் தடவை சினைப்பட ஏறத்தாழ பதினைந்து வருடம் எடுக்கும். ஓசெத்ரா மண்ணிறத்திலிருந்து பொன்னிறம் வரை போகும். செவ்ருகாவின் முட்டை சிறியது, சுவை அழுத்தமானது. மீனும் மற்ற இரண்டையும் விட விரைவில் சினைப்படும். டின்னில் பெலுகாவுக்கு நீல மூடி, ஓசெத்ராவுக்கு மஞ்சள், செவ்ருகாவுக்குச் சிவப்பு என்பது பழைய வழக்கம். விலையும் இதே வரிசையில் இறங்கும். எந்த மீன் நெடுங்காலம் காக்க வைக்கிறதோ, அதன் சினைக்கே அதிக விலை.

செய்முறை எளிது. பெண் மீனின் வயிற்றைக் கீறிச் சினைப்பையை முழுதாக எடுத்து, அகலக் கண் கொண்ட அரிதட்டில் வைத்து மெல்லத் தேய்ப்பார்கள். சவ்வு மேலே தங்கும். முட்டைகள் தனித்தனியாகக் கீழே விழும். குளிர்நீரில் கழுவி வடித்து, நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு உப்புச் சேர்த்து டின்னில் அடைப்பார்கள். முற்றிப் பழுத்த சினை குழைந்துவிடும் என்பதால் மீன் முட்டையிடுமுன்பே எடுத்தாக வேண்டும். ஆகவே, தாய் மீன் அந்தச் சினையை இடாமலே சாகிறது.

இதன் விளைவை அமெரிக்கா முன்பே கண்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டெலவெயர் ஆற்றிலிருந்து ஐரோப்பாவுக்குக் கேவியர் போனது. சில பத்தாண்டுகளில் அந்த ஆற்றில் ஸ்டர்ஜன் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. காஸ்பியனுக்கு இரண்டு அடி விழுந்தது. வொல்கா ஆற்றில் வொல்கோகிராட் அணை எழுந்து, முட்டையிடும் இடங்களுக்கான வழியை அடைத்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் களவு மீன்பிடி கட்டுக்கடங்காமல் பெருகியது. 1998இல் ஸ்டர்ஜன் இனங்கள் அனைத்தும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2005இல் அமெரிக்கா பெலுகா இறக்குமதியைத் தடை செய்தது. 2022இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம், எஞ்சிய 26 இனங்களும் அழிவின் விளிம்பை நோக்கிப் போவதாக அறிவித்தது.

இன்று சந்தைக்கு வரும் கேவியரில் பெரும்பகுதி பண்ணையில் விளைவது. முதலிடம் சீனாவுக்கு. அங்கே செஜியாங் மாகாணத்துச் சியாந்தாவ் ஏரியில் அமூர் ஆற்றுக் கலுகா இனத்தின் கலப்பு மீன்கள் வளர்கின்றன. இத்தாலியின் கல்விசானோவில் அமெரிக்க வெள்ளை ஸ்டர்ஜனும், பிரான்சின் தென்மேற்கில் சைபீரிய ஸ்டர்ஜனும் வளர்கின்றன. ஏற்றுமதியாகும் டின்னின் ஒட்டுச்சீட்டில் மீனின் இனம், நாடு, வருடம், காட்டு மீனா பண்ணை மீனா என்பதெல்லாம் குறியீடாக இருக்கும். ஆனால் பண்ணையிலும் வருடக்கணக்கில் தீனி போட்டுக் காத்திருக்கத்தான் வேண்டும்.

இதை நம் கரையில் இருந்துகொண்டு யோசிக்க வேண்டும். 1990இல் போரினால் மக்கள் இடம்பெயர்ந்த மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. அதே ஆண்டில் இழுவை மடித் தொழிலும் இலங்கையில் சட்டப்படி தடையானது. இந்தக் கடலை நம்பித்தான் இங்கே குடும்பங்கள் மீண்டும் தலையெடுக்கின்றன. வலையில் வந்த பாரை செத்துத்தான் கரைசேர்கிறது. அதன் சினையைச் சமைப்பதில் பிழையில்லை. சினை நண்டு அப்படியல்ல. வயிற்றின் கீழ் முட்டைக் கொத்தோடு உயிருடன் வருகிறது. திருப்பி விட்டால் பிழைக்கும். சினைப்பட்ட சிங்கி இறாலைப் பிடிக்கவே சட்டம் இடம் கொடுப்பதில்லை.

நீலக்கால் நண்டு ஒரு வருடத்துக்குள் சினை கட்டும். அந்த முட்டைகள் சில கிழமைகளுக்குள் பொரித்துவிடும். பெலுகாவுக்குத் தேவைப்பட்ட பொறுமையில் ஒரு துளியை மட்டுமே நமது கடல் கேட்கிறது. சினை நண்டை வாங்க ஆளில்லை என்றால் அதைக் கரைக்குக் கொண்டுவர எந்தத் தொழிலாளியும் மினக்கெடமாட்டார். அந்த முடிவு நண்டு வாங்கப் போகும் நம் கையில்தான் இருக்கிறது.

(தொடரும்)

அடுத்த கிழமை: மடவைச் சினை, யப்பான் முதல் இத்தாலி வரை