உறங்கிப்போன ஞாயிறு

ஆறு நாள் உழைக்கும் மனிதன் ஏழாம் நாளை எவ்வாறு கழிக்கிறான்? இக்கேள்வியையே கதையாக்கிய பழைய மௌனப்படம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் பெர்லின் மாநகரில் 1929-ஆம் ஆண்டுக் கோடையில் எடுக்கப்பெற்று, 1930 பிப்ரவரியில் திரைக்கு வந்த 'ஞாயிற்றுக்கிழமை மனிதர்கள்' என்பதே அது.

அதில் தோன்றும் ஐவரும் பெயர்பெற்ற நடிகர் அல்லர். வாடகைக் கார் ஓட்டுநர் எர்வின், இசைத்தட்டுக் கடைப் பெண் பிரிகிட்டே என அவரவர் தம் சொந்தப் பெயரிலேயே தோன்றினர். வார நாட்களில் அவர்களுக்கு வேலை இருந்தமையால், படப்பிடிப்பும் பெரும்பாலும் ஞாயிறுகளிலேயே நடைபெற்றது.

பெரிய கதை ஒன்றும் இல்லை. சனிக்கிழமை மாலை எர்வினும் அவனோடு வாழும் ஆனியும் ஒரு தொப்பியின் விளிம்பை மடிப்பதா, தாழ்த்துவதா என்று சச்சரவிடுகின்றனர். மறுநாள் ஆனி எழவில்லை. எர்வின் நண்பனோடும் இரு பெண்களோடும் வான்சே ஏரிக்குச் செல்கிறான். நீராட்டு, உணவு, இசைத்தட்டுப் பாடல், சிரிப்பு, சிறு பொறாமை; பொழுது சாய்கிறது. அடுத்த ஞாயிறு சந்திப்போம் என்று நண்பன் ஒருத்திக்குத் தந்த வாக்கு, கால்பந்தாட்டப் பேச்சு எழுந்ததும் தளர்ந்துவிடுகிறது. எர்வின் வீடு திரும்புகையில் ஆனி இன்னும் உறங்கிக்கொண்டே இருக்கிறாள்! மறுநாள் திங்கள், நகரம் மீண்டும் வேலைக்கு ஓடுகிறது.

இவர்களைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஏழைத் தொழிலாளிக்கு ஒரு நாள் ஓய்வு என்பது எளிதில் கிட்டிய பேறு அன்று. திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட சுற்றுமடலில் அவ்வுரிமைக்காக வாதாடினார். ஆயினும் ஓய்வு என்பது சோம்பலும் வீண்செலவும் அன்று, இறைவழிபாட்டால் புனிதமாக்கப்பட்ட இளைப்பாறுதல் என்றும் அவர் தெளிவுறுத்தினார். ஜெர்மனியின் 1919-ஆம் ஆண்டு அரசியல் சட்டமும், தன் 139-ஆம் பிரிவில், ஞாயிற்றை வேலையினின்று ஓய்வதற்கும் உள்ளத்தை உயர்த்துவதற்கும் உரிய நாளாகப் பாதுகாத்தது. 1949-இல் புதிய அடிப்படைச் சட்டத்தில் இடம்பெற்ற அப்பிரிவு இன்றும் நிலவுகிறது.

ஓய்வைச் சட்டம் தர இயலும். உள்ளத்தை உயர்த்துவது யார்? ஏரிக்கரை நால்வருக்கும் ஓய்வு கிடைத்தது. உடலுக்குக் குளிர்ச்சியும் கிடைத்தது. ஆனால் மாலையில் அவர்களிடையே எஞ்சியது என்ன? ஒருவரை ஒருவர் மேலும் அறிந்தனரா? வீட்டில் விடப்பட்டவளை எவரேனும் நினைத்தனரா?

இப்படத்தில் ஒளிப்பதிவு உதவியாளராக இருந்த இளைஞர் பிரெட் சின்னமான் பின்னர் அமெரிக்காவில் புகழ்பெற்ற இயக்குநரானார். மனச்சான்றுக்காக உயிரீந்த புனித தாமஸ் மூரின் வரலாற்றை 1966-இல் திரையில் வடித்தவர் இவரே. யூதர்களான இவருடைய பெற்றோர் இருவரும் நாசி ஆட்சியின் படுகொலைக்கு இரையாயினர். ஏரிக்கரையில் சிரித்து மகிழ்ந்த அந்நகரில், மூன்றே ஆண்டுகளில், 1933-இல், ஹிட்லர் ஆட்சி ஏறினார். கவலையற்ற அந்த ஞாயிற்றை இன்று காணும் நம் நெஞ்சம் கனக்கிறது.

அன்பர்களே, நம் இல்லங்களுக்கு வருவோம். நம்மிடையே ஞாயிறன்று உறங்கும் ஆனியைவிட, உறங்கவே நேரமில்லாத தாய்மார்களே மிகுதி. விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் தாய் அடுப்படிக்கு விரைகிறாள். இறைச்சிக் குழம்பும் வாரத் துணிகளும் அவளுக்குக் காத்திருக்கின்றன. தந்தை நண்பர்களோடும், பிள்ளைகள் கைப்பேசியோடும் பொழுதைக் கழிக்கின்றனர். ஆண்டவரின் நாள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் வேலை நாளாக இருப்பது முறையோ?

வரும் ஞாயிறு நாம் குடும்பமாகத் திருப்பலிக்குச் செல்வோம். திரும்பியதும் காய் நறுக்க ஒருவர், துணி உலர்த்த ஒருவர் என முன்வருவோம். அனைவரும் ஒன்றாய் அமர்ந்து உண்போம். அன்று தாயும் சற்றுக் கண்ணயரட்டும். அந்த உறக்கம் புறக்கணிப்பின் உறக்கமாக இராது, அன்பு தந்த இளைப்பாறுதலாக இருக்கும்.