ஊசி போடும் கை, பேசும் வாய்

நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளுக்கு ஊசி போடச் சொல்லித் தருகிறார்களே, நோயாளியிடம் பரிவாக நடந்துகொள்ளவும் சொல்லித் தருகிறார்களா என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். மாமியாரைச் சேர்த்திருந்த வார்டில், வந்துபோன மாணவிகளில் ஒருத்திகூட நிமிர்ந்து முகம் பார்க்கவில்லையாம்.

சொல்லித் தருகிறார்கள். பரிவை அளக்கக் கேள்வித்தாள்கள்கூடப் பல உண்டு. ஆனால் அந்த மாணவியைக் கல்நெஞ்சுக்காரி என்று முடிவுகட்டும் முன் அவள் விரல்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

டிரிப் ஏற்றுவதற்கான வென்ஃப்ளான் ஊசியை முதல்முறையாகப் போடப்போகிறாள். ரப்பர் பட்டையைக் கட்டியாயிற்று. நரம்பைத் தடவித் தேடுகிறாள். ஊசியை எந்தச் சாய்வில் பிடிப்பது, தோலை எந்த விரலால் இழுத்துப் பிடிப்பது, பின்பக்கக் குப்பியில் ரத்தம் எட்டிப் பார்க்கிறதா, பார்த்ததும் ஊசியை லேசாகப் பின்னிழுத்துப் பிளாஸ்டிக் குழாயை மட்டும் உள்ளே தள்ளுவது, பட்டையை அவிழ்க்க மறந்துவிடாமல் இருப்பது. எல்லாவற்றையும் மனத்துக்குள் சொல்லிச் சொல்லித்தான் செய்கிறாள். "வலிக்குமா கண்ணு?" என்று பாட்டி கேட்பது அவள் காதில் ஏறவே இல்லை. பக்கத்துக் கட்டிலில் ஸ்டாஃப் சிஸ்டர், "எந்த ஊரு பாட்டி? பேரன் வந்தானா?" என்று கேட்டுக்கொண்டே இதே வேலையை முடித்து, பிளாஸ்டரும் ஒட்டிவிடுகிறார்.

ஃபிட்ஸ், போஸ்னர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1967-இல் கைத்திறன் படிகிற விதத்தை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள். முதலில் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்கிறோம். பிறகு அசைவுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. கடைசியில் கை தானாகவே செய்கிறது. கவனம் அளவான சரக்கு. தேராத கை அத்தனையையும் தின்றுவிடும். தேறத் தேறத்தான் காதுக்கும் வாய்க்கும் மிச்சம் விழும். எனக்கு இதில் பிடித்ததே அந்த மிச்சம்தான்.

தோசை வார்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வார்ப்பவர் கல்லைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். பேச்சுக் கொடுத்தால் தோசை கிழியும். பல வருஷம் வார்த்த அம்மா, மாவைச் சுழற்றிக்கொண்டே "கணக்குப் பரீட்சை எப்படிடா எழுதின?" என்பார். பையன் பதிலை இழுக்கிற இழுப்பிலேயே மார்க்கைக் கண்டுபிடித்துவிடுவார். ஹோட்டல் மாஸ்டருக்கு அவரைவிடத் தேர்ந்த கை. அகலக் கல்லில் ஒரே நேரத்தில் எட்டு தோசை. அவருக்கும் கவனம் மிச்சமாகத்தான் செய்கிறது, அது ஒன்பதாவது தோசைக்குப் போய்விடுகிறது. சாப்பிடுகிறவருக்கு விக்கல் எடுத்தால் அவருக்குத் தெரியாது. நோயாளியைத் தோசையாக்கிவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். நோயாளி சாப்பிடுகிறவர், ஊசிதான் தோசை. சட்னி எது என்று மட்டும் கேட்காதீர்கள்.

கை முக்கியம் என்பதில் நோயாளிகளுக்குச் சந்தேகமே இல்லை. 1984-இல் அமெரிக்காவில் பட்ரீஷியா லார்சன் என்பவர் புற்றுநோயாளிகளிடம் 50 அட்டைகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் நர்ஸ் செய்கிற ஒரு காரியம். சாதாரணக் கேள்வித்தாள் என்றால் எல்லாவற்றுக்கும் 'மிக முக்கியம்' என்று டிக் அடித்துவிட்டுத் தூங்கிவிடலாம். இங்கே அது நடக்காது. ஏழு குவியலாகப் பிரிக்க வேண்டும். உச்சிக் குவியலில் ஒரே ஓர் அட்டைக்குத்தான் இடம், அடுத்ததில் நான்கு. நோயாளிகள் மேலே வைத்தவை ஊசியும் டிரிப்பும் போடத் தெரிந்திருப்பது, டாக்டரை எப்போது கூப்பிட வேண்டும் என்று தெரிந்திருப்பது போன்றவை. நர்ஸுகளிடம் கேட்டபோது அவர்கள் மேலே வைத்தது காதுகொடுத்துக் கேட்பதை. படுத்திருப்பவருக்கோ நரம்பை ஒரே குத்தில் பிடிப்பதுதான் முதல் பரிவு.

அப்படியானால் கை தேறத் தேற மாணவிகளின் பரிவும் ஏற வேண்டுமே? சில ஆய்வுகள் தலைகீழாகச் சொல்கின்றன. 2009-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் முதலாண்டு மாணவர்களைவிட மூன்றாமாண்டு மாணவர்களின் மதிப்பெண் குறைவு. 2012-இல் அமெரிக்காவில் 214 மாணவர்களிடம் எடுத்த கணக்கில், நோயாளிகளோடு அதிகம் பழகியவர்களுக்கே மதிப்பெண் இறங்கியிருந்தது. 'இரக்கத்தைக் கொல்லும் நர்ஸிங் கல்லூரி' என்று தலைப்புப் போடக் கை பரபரக்கும். பொறுங்கள். பிரிட்டனில் ஒப்பிட்டது இரு வேறு கூட்டங்களை. தவிர, இவையெல்லாம் மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மார்க். வார்டை அதிகம் பார்க்காத பிள்ளை தன்னைத் தேவதையாக நினைத்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்? மூன்றாமாண்டில் கூடியது நேர்மையாகவும் இருக்கலாம்.

இறக்கம் முழுக்கவும் மாயை என்று விட்டுவிடவும் முடியவில்லை. அவசரம் இரக்கத்தை விழுங்கிவிடும். உளவியலாளர்கள் டார்லி, பேட்ஸன் செய்து 1973-இல் வெளிவந்த சோதனை இப்படி: பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்தார். அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். அனுப்பப்பட்ட மாணவர்களில் பாதிப் பேர் பேசப் போய்க்கொண்டிருந்த தலைப்பே, வழியில் கிடந்தவருக்கு உதவிய நல்ல சமாரியனின் பைபிள் கதை!

வரலாறு இல்லாவிட்டால் பத்திரிகை ஆசிரியர் விடமாட்டார் என்பதால் ஒரு பத்தி. 1860-இல் லண்டனில் நைட்டிங்கேல் பள்ளி தொடங்கியது முதல் மாணவிகள் வார்டில் வேலை பார்த்தே கற்றார்கள்; ஆஸ்பத்திரிக்கும் மலிவாக ஆள் கிடைத்தது. 1960-இல் இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் ஒரு லண்டன் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதினார். வேலைகளைத் துண்டு துண்டாக்கி, ஒரு மாணவி வார்டிலிருக்கும் முப்பது பேருக்கும் அதே சில வேலைகளை மட்டும் செய்யும்படி வைத்திருந்தார்கள். நோயாளிக்குப் பேர் போய், 'பத்தாம் கட்டில் கல்லீரல்' ஆனார். யாரோடும் ஒட்டாமல் இருந்தால் மனம் உடையாது என்பது அந்த ஏற்பாட்டின் உள்கணக்கு என்றார் மென்சீஸ்.

மிச்சமாகும் கவனத்தை யார் வாங்கிக்கொள்கிறார்? பிரிட்டிஷ் நர்ஸிங் ஆய்வாளர் பேம் ஸ்மித் 1992-இல் வெளியிட்ட நூல் வார்டு சிஸ்டரைக் காட்டுகிறது. வார்டின் மனநிலையை வகுப்பவர் அவர்தான். அவர் தங்களைக் கவனித்துக்கொள்வதாக உணர்ந்த மாணவிகளே நோயாளிகளையும் நன்றாகக் கவனித்தார்கள். இன்சார்ஜ் சிஸ்டர் காலையில் வந்ததும் "சார்ட் முடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டால் மாணவி சார்ட்டைத்தான் முடிப்பாள். "மூணாம் பெட் பாட்டி ராத்திரி தூங்கினாங்களா?" என்றும் கேட்டால், மறுநாள் அதையும் பாட்டியிடம் விசாரித்து வைத்திருப்பாள்.

இப்போது தலையில் மாட்டும் விஆர் கருவியால் பரிவைப் பயிற்றுவிக்கலாம் என்று கடைவிரிக்கிறார்கள். கருவியைக் கழற்றிய மாணவி போய் நிற்கப்போவது அதே வார்டில். வாங்க நினைக்கும் கல்லூரி, இன்சார்ஜ் சிஸ்டரின் நேரத்தைத் தின்னும் ரெஜிஸ்டர் வேலைக்கு ஒரு கிளார்க் போட்டால் மாதம் என்ன ஆகும் என்பதையும் கொட்டேஷனுக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.