கூட்டமைப்பில் இணைதல்: திமோரும் பேராக்கும்

வட்டாரக் கூட்டமைப்பில் ஒரு நாடு இணைவது விண்ணப்பத்தோடு முடிவதன்று. திமோர் லெஸ்டே 2011இல் ஆசியானில் சேர விண்ணப்பித்தது. 2022இல் கொள்கையளவில் இசைவு பெற்றது. 2025 அக்டோபர் 26இல்தான், கோலாலம்பூர் உச்சநிலை மாநாட்டில், பதினோராவது உறுப்பு நாடாயிற்று.

இத்தாமதத்திற்குக் காரணங்கள் இரண்டு. ஆசியான் முடிவுகள் வாக்கெடுப்பால் அன்றி அனைவரின் இசைவால் அமைவன. ஓர் உறுப்பு நாடு தயங்கினும் முடிவு தள்ளிப்போகும். மேலும், ஆசியானின் வணிக உடன்பாடுகளை நிறைவேற்றவும், ஆண்டுதோறும் நிகழும் நூற்றுக்கணக்கான கூட்டங்களில் பங்கேற்கவும் வல்ல அலுவலர்களை அச்சிறிய குடியரசு உருவாக்கவேண்டியிருந்தது.

அனைவரின் இசைவு என்னும் விதி ஏன் வேண்டும்? பேராக்கின் வரலாறே விடை தரும். 1895ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் மறு ஆண்டு ஒரே கூட்டரசாயின. ஆட்சியாளரின் அதிகாரம் குறையாது என்று உடன்படிக்கை உறுதி கூறிற்று. ஆயினும், அதிகாரம் கோலாலம்பூரில் இருந்த தலைமை ரெசிடெண்டிடம் குவிந்தது. 1903ஆம் ஆண்டு ஆட்சியாளர் மாநாட்டில் பேராக் சுல்தான் இட்ரிஸ் இதனை வெளிப்படையாகவே குறைகூறினார். 1909இல் கூட்டரசு மன்றம் அமைந்தபின், ஈப்போவின் ஈயமும் தோட்டங்களின் ரப்பரும் ஈட்டிய வருவாயின் செலவுத் திட்டமும் அங்கேயே முடிவாயிற்று.

ஆகவே, இணைவை ஆராயும் மாணவர், உடன்படிக்கை தரும் உறுதிமொழியோடு நின்றுவிடாது, முடிவெடுக்கும் அவையில் யாருக்கு இடமுண்டு என்பதையும் வினவுதல் வேண்டும்.