சிறுநீரில் ரத்தமா? 'சூடு' என்று ஒதுக்காதீர்கள்

நீர்க்கடுப்பு என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் சொல் 'சூடு'. தலைக்கு நல்லெண்ணெய், ஊறவைத்த வெந்தயம், மோர், இளநீர் என்று கைவைத்தியம் தொடங்கிவிடும். தேக்கா சந்தைக்கு ஒருநடை போனால் எல்லாம் கிடைக்கும். ஆனால் குருத்தணு (ஸ்டெம் செல்) மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவருக்கு எரிச்சலோடு சிறுநீர் சிவந்து போனால் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

குருத்தணு மாற்றின் ஒரு வகையான எலும்பு மஜ்ஜை மாற்று சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் முதன்முதலாக 1985ல் நடந்தது. இன்று தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும், சிறுவர்களுக்கு லிட்டில் இந்தியாவை அடுத்துள்ள கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் இச்சிகிச்சை உண்டு. அதன்பின் வரும் தொல்லைகளில் ஒன்று சிறுநீர்ப்பை ரத்தக்கசிவு.

ஒரு காரணம் மருந்து. இச்சிகிச்சையில் தரப்படும் சைக்ளோஃபாஸ்ஃபமைடு உடலில் சிதையும்போது அக்ரோலின் என்ற நச்சு உருவாகி, சிறுநீரோடு இறங்கிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. இதைத் தடுக்கவே மெஸ்னா என்ற மருந்தையும் ஏராளமான திரவத்தையும் ஏற்றுகிறார்கள். கொடையாளரைப் பொறுத்து இம்மருந்து மறுபடியும் தேவைப்படலாம். குருத்தணு கொடுக்க உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். வேறு கொடையாளரும் அமையாவிட்டால் பெற்றோரோ பிள்ளையோ பாதிப் பொருத்தத்துடன் கொடுக்கலாம். அந்த முறையில் மாற்றுக்குப் பின் மூன்றாம், நான்காம் நாட்களில் இதே மருந்தை மீண்டும் தருவது வழக்கம்.

இன்னொரு காரணம் பிகே வைரஸ். 1971ல் லண்டனில் சிறுநீரக மாற்று நோயாளி ஒருவரின் சிறுநீரில் கண்டறியப்பட்டது. நம்மில் பெரும்பாலோருக்குச் சிறுவயதிலேயே தொற்றி, சிறுநீரகத்தில் சத்தமின்றித் தங்கிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி வீழ்ந்ததும் பெருகுகிறது. மருந்தால் வரும் கசிவு பெரும்பாலும் முதல் சில நாட்களில் தெரியும். வைரஸால் வருவதோ பல வாரங்கள் கழித்து, நோயாளி வீடு திரும்பிய பிறகும் தலைகாட்டலாம். குடும்பத்தார் விழிப்பாக இருக்க வேண்டியது அப்போதுதான்.

சிலருக்கு ரத்தம் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும். சிலருக்குச் சிறுநீர் ரோஜா சர்பத் போலச் சிவக்கும். கட்டிகள் வெளியேறினால் நிலைமை கடுமை. கட்டி வழியை அடைத்தால் சிறுநீர் தேங்கி, வலி தாங்க முடியாததாகி, சிறுநீரகமும் கெடும். அப்போது மூன்று வழிக் குழாய் பொருத்தி, உப்புநீரை இடைவிடாது உள்ளே செலுத்திச் சிறுநீர்ப்பையைக் கழுவுவார்கள். வெளியேறும் நீர் சேரும் தொங்கு பையில் நிறம் வெளிறுகிறதா, ஓட்டம் நிற்கிறதா என்று தாதியர் இரவு பகலாகக் கவனிக்கும் இந்த வேலைதான் சிகிச்சையின் முதுகெலும்பு. ரத்தத் தட்டணுக்களும் வலிநிவாரணியும் கூடவே தேவை.

வைரஸுக்கென்று உறுதியான மருந்து இன்னும் இல்லை. சிடோஃபோவிர் சிலருக்கு உதவுகிறது, ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது. வைரஸை வேட்டையாடும் டி அணுக்களைக் கொண்ட போசோலூசெல் மீது பெரும் நம்பிக்கை இருந்தது. பலன் தெரியாததால் அதன் இறுதிக்கட்டச் சோதனைகள் 2023 டிசம்பரில் நிறுத்தப்பட்டன. உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையும் சிலருக்குத் தரப்படுகிறது. குணமாகப் பல வாரங்கள் பிடிக்கலாம். பொறுமை இழந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளை நீங்களாகக் குறைக்காதீர்கள். குறைத்தால் கொடையாளரின் அணுக்கள் நோயாளியின் உடலையே தாக்கத் தொடங்கலாம்.

நாட்டு மருந்தும் வேண்டாம், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரையும் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். சைக்ளோஸ்போரின் போன்ற மாத்திரைகளும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். ஆகவே மருத்துவரைக் கேட்காமல் இளநீரையும் கொடுக்காதீர்கள்.

மகனிடமோ மருமகளிடமோ சிறுநீர்த் தொல்லையைச் சொல்லக் கூசும் பெரியவர்கள் நம்மில் அதிகம். நிறம் என்ன, கட்டி வந்ததா, காய்ச்சல் உண்டா என்று நீங்களே கேளுங்கள். சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால் விடியும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இந்நோயாளிகளுக்குத் தேவைப்படும் தட்டணுக்களைச் சில நாட்களுக்குமேல் சேமித்து வைக்க முடியாது. ஊட்ரம் சாலை ரத்த வங்கியில் தட்டணு தானம் செய்ய முடியுமா என்று விசாரியுங்கள்.