அக்கம்பக்கத்து அம்மாக்களே ஆசிரியைகள்!

வயிற்றில் பிள்ளை என்று தெரிந்துவிட்டால் போதும், புத்தி சொல்ல ஊரே கூடிவிடும். "பப்பாளி தின்னாதே", "ரொம்பச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் போகும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலோ, "சொன்னதைச் செய்யம்மா!" என்று ஓர் அதட்டல். இத்தனை பேர் சொல்கிறார்களே, "உனக்கு என்ன பயம்? என்ன சந்தேகம்?" என்று கேட்கிறவர் எத்தனை பேர்?

எங்கள் நல்லூர் வட்டாரத்தை ஒட்டிய விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போனது. அங்கே விளக்கும் பொம்மையும் செய்யும் பட்டறைக்குப் புதிதாக வரும் பெண், புத்தகத்தைப் பார்த்தா கற்றுக்கொள்கிறாள்? பக்கத்தில் இருக்கும் அக்காவின் கையைப் பார்த்துத்தானே! கைத்தொழிலுக்கு ஒத்துவரும் இந்த முறை பிள்ளைப்பேற்றுக்கும் ஒத்துவருமா? வரும் என்று செய்தே காட்டியிருக்கிறார்கள்.

முதலில் நேபாளத்தில், மக்வான்பூர் மாவட்டத்தில். கிராமத்துப் பெண்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசினார்கள். கூட்டத்தை நடத்தியவர் டாக்டரோ நர்ஸோ இல்லை, அந்த ஊர்ப் பெண்ணே. 2004-ல் முடிவு வெளியானது. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்துபோகும் குழந்தைகளின் விகிதம், குழுக்கள் இருந்த இடங்களில் 30 சதவீதம் குறைவாக இருந்தது!

அடுத்து நம் நாட்டில். ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் ஆதிவாசிகள் நிறைந்த கிராமங்களில் 'ஏக்ஜுட்' என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் 2008 வரை இதைச் செய்தது. மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் பச்சிளங்குழந்தை மரணம் 32 சதவீதம் குறைவு. கடைசி இரண்டு ஆண்டுகளில் மட்டும் 45 சதவீதம். இன்னொன்றும் கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் தாய்மார்களின் மனச்சோர்வும் பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மனதைத் திறந்து பேச நாலு பேர் கிடைத்தால் பாரம் குறையாதா என்ன?

"ஏன்?" என்று ஒரு கேள்வி

"அனுபவத்தைப் பேசிக்கொண்டால் தப்பான பழக்கமும் சேர்ந்து பரவுமே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பதும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் அனுபவத்தின் பேரால் வந்தவைதானே!

அந்தக் கூட்டங்களின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. படங்களைக் காட்டி ஒரு கதை சொல்வார்கள். குழந்தை உடம்பு சில்லிட்டு இறந்துபோகிறது. ஏன்? பிறந்த உடனே குளிப்பாட்டினார்கள். ஏன்? அழுக்கு என்று நினைத்தார்கள். உடனே துடைத்துத் துணியில் சுற்றியிருக்கலாமே? இப்படி அவர்களே கேட்டு அவர்களே பதில் கண்டார்கள். தங்கள் ஊருக்கு எது பெரிய பிரச்னை, அதற்கு என்ன செய்யலாம் என்று தீர்மானித்து, செய்தும் பார்த்து, பலன் கிடைத்ததா என்று மறுபடி கூடி யோசித்தார்கள். மாமியார் சொல்லுக்கோ டாக்டர் சொல்லுக்கோ பயந்து செய்தால் அவர்கள் தலை மறைந்ததும் விட்டுவிடுவோம். நாமே யோசித்து எடுத்த முடிவை அப்படி விடமாட்டோம்.

ஆனால் பேருக்கு ஒரு குழு வைத்தால் போதாது. பங்களாதேஷில் முதல்முறை, ஜனத்தொகைக்குக் குழுக்கள் போதாமல் பலன் தெரியவில்லை. குழுக்களைப் பெருக்கி, கர்ப்பிணிகள் அதிகம் பேர் வரும்படி செய்த பிறகுதான் குழந்தை மரணம் குறைந்தது. 2014-ல் உலக சுகாதார நிறுவனமும் இந்த முறையைப் பரிந்துரைத்தது.

நம் தெருவில்…

தமிழ்நாட்டில் இன்று அநேகமாக எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். ஆனாலும் சில நாளில் பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறோமே! ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை பால் குடிக்க மறுத்தால், அந்த நேரத்தில் உங்களோடு இருப்பது நீங்கள் கற்றுக்கொண்டதுதான்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டுப் பத்துப் பேர் மத்தியானத்தில் ஒரு மணி நேரம் கூடுங்கள். கர்ப்பிணிகளைக் கட்டாயம் அழையுங்கள். மாமியார்களும் வரட்டும், ஆனால் எல்லோருக்கும் ஒரே பாய்தான்! கூட்டத்துக்கு ஒரு விஷயம் போதும். சந்தேகம் வந்தால் அதைக் குறித்துவைத்துக் கிராம செவிலியரிடம் கேட்டுவந்து சொல்லுங்கள்.

முதல் கூட்டத்தில் பேச இதோ சில:

• பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். சீம்பாலை ஒரு சொட்டுக்கூட வீணாக்கக் கூடாது.

• ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம்.

• முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். அம்மாவின் மார்போடு அணைத்தபடி கதகதப்பாக வைத்திருங்கள்.

• தொப்புளில் சாம்பல், எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். சுத்தமாக, ஈரமில்லாமல் இருந்தால் போதும்.

இவற்றோடு அபாய அறிகுறிகளையும் எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள். பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, வேகவேகமாக மூச்சு வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ அனலாகக் கொதித்தாலோ, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளித்தாலோ அந்த நேரத்தில் கூட்டமும் வேண்டாம், கைவைத்தியமும் வேண்டாம். 108-க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.

ஜார்க்கண்ட் கிராமத்துப் பெண்கள் பலருக்கு எழுதப் படிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் வட்டமாக உட்கார்ந்து பேசியே அத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நமக்கு என்ன தடை? இந்த வாரமே பாயை விரியுங்கள், சகோதரிகளே!